நிமிராத முழங்கை

முழங்கை மூட்டு விலகியவர்கள் யாராவது இதை வாசிக்க நேர்ந்தால், முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூட்டை அதன் இடத்தில் போட்ட பிறகு அந்தக் கையை யாரையும் இழுக்க விடாதீர்கள். எண்ணெய் போட்டு உருவவும் விடாதீர்கள். அது பாட்டுக்குக் கிடக்கட்டும். இதை எனக்கும் ஒரு டொக்டர் சொன்னார். என் முகத்தைப் பார்த்து, இரண்டு தரம் சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முந்திய கதை இது. என் ஊர் பழுகாமம். அப்பாவுக்கு வயல். என்னைப் பட்டணத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் விடுதியில் விட்டுப் படிப்பித்தார். அங்கேதான் கிரிக்கெட் பழகினேன். பதினைந்து எட்டு வைத்து ஓடிவந்து வேகமாகப் பந்து போடுவேன். படிப்பு முடிந்து கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் நகல் எழுதும் வேலை கிடைத்தபோது, அது என் கையெழுத்துக்குக் கிடைத்ததா, பந்துக்குக் கிடைத்ததா என்று தலைமைக் கிளாக்கர் எல்லோர் முன்னாலும் கேட்டுச் சிரித்தார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

விக்கெட்டுக்குப் பின்னால் நின்று என் பந்துகளைப் பிடித்தவன் சிறில். பறங்கியர் தெருவில் தச்சுப் பட்டறை வைத்திருந்தான். என் பந்தைப் பிடித்துப் பிடித்தே அவனுடைய இடக்கைச் சுட்டுவிரல் ஒரு பக்கமாகக் கோணிப்போயிருந்தது. அதைக் காட்டி, "இது நீ தந்த மோதிரம் மச்சான்" என்பான்.

ஒரு விடுமுறையில் கொழும்பிலிருந்து வந்து எங்களுடன் விளையாடிய அணியில் தேயிலைக் கம்பனித் துரை ஒருவர் இருந்தார். அவருடைய நடு விக்கெட்டை இரண்டு முறையும் கழற்றினேன். சாயந்தரம் அவர் என்னைக் கூப்பிட்டு, மூன்று மாதம் கழித்துக் கொழும்புக்கு வா, எங்கள் ஆட்கள் முன்னால் பந்து போட்டுக் காட்டு, பிடித்துப்போனால் கம்பனியில் கிளாக்கர் வேலை, சனிக்கிழமைகளில் எங்கள் அணிக்கு விளையாட வேண்டும் என்றார். அன்று சிறில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் தங்கியிருந்த அறைவரை என்னோடு நடந்தே வந்தான். "கொழும்புக்குப் போனா இலங்கை ரீமுக்குப் போக எவ்வளவு நேரம்?" என்று வழியெல்லாம் அவனே கேட்டு அவனே பதிலும் சொன்னான்.

அதற்குப் பிறகு மூன்றாவது கிழமை அறுவடைக்கு ஊருக்குப் போனேன். திரும்பி வரும்போது, துறையில் தோணியை விட்டு இறங்கினேன். தோளில் ஒரு சின்ன அரிசி மூடை. பலகை நனைந்து பாசி பிடித்துக் கிடந்தது. கால் வழுக்கியதும் வலக்கையைப் பின்னால் ஊன்றினேன். நனைந்த துணியை உதறியது போல ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். எழுந்து பார்த்தபோது முன்கை குட்டையாகிவிட்டது போல இருந்தது. முழங்கைக்குப் பின்னால் எலும்பு ஒரு மூலையாகத் தள்ளிக்கொண்டு நின்றது. தோணிக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து என் கழுத்தில் தூளி கட்டிவிட்டார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்தவர். கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முறிவு இல்லைப் போலக் கிடக்கு. மூட்டு விலகியிருக்கு. மயக்கம் தந்து இழுத்துப் போடுவம்" என்றார். கம்பிச் சட்டத்தில் துணி கட்டிய மூடி ஒன்றை மூக்கில் வைத்து, அதன்மேல் துளித்துளியாகக் குளோரபோம் விட்டார்கள். இனிப்பான மணம், தொண்டையை அடைத்தது. எண்ணச் சொன்னார்கள். ஒன்பது வரை எண்ணியது ஞாபகம். விழித்தபோது கை மடித்துக் கட்டப்பட்டு நெஞ்சில் கிடந்தது.

முழங்கை தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. வீக்கம் நரம்பையும் இரத்தக் குழாயையும் நெரித்தால் விரல்கள் செத்துப்போகுமாம். அதனால் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருந்தார்கள். மிசி என்று நாங்கள் கூப்பிடும் தாதி மணிக்கொரு தரம் வந்து என் விரல் நகங்களை அமத்திப் பார்ப்பாள். வெளுத்த நகம் திரும்பச் சிவக்கும் வரைக்கும் நான் மூச்சுவிடாமல் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடி நெசவாளி ஆதம்பாவா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அண்ணன் முறையில் காக்கா என்பேன். கணுக்காலெலும்பில் சீழ் பிடித்து இரண்டு மாதமாகக் கிடந்தார். அவருடைய மனைவி கொண்டுவரும் புட்டில் பாதி எனக்கு வரும்.

"பந்து போடுறத்துக்கா கொழும்பில வேல தாறாங்க?" என்று கேட்டார்.

"ஓம் காக்கா."

"வேற ஒண்டும் செய்யத் தேவல்லயா?"

"கணக்கும் எழுதோணும்."

"எனக்கு ரெண்டு காலும் வேணும் தம்பி, தறி மிதிக்க. உங்களுக்கு ஒரு கை எண்டாலும் காணும்போல." சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒரு கைதான்.

வீட்டுக்குப் போகும் நாளில் டொக்டர் சொன்னதைத்தான் முதலில் எழுதினேன். "கை தானாக எவ்வளவு போகுதோ அவ்வளவு போகட்டும். இழுக்கக் கூடாது. உருவக் கூடாது. விளங்குதோ? இழுக்கக் கூடாது." எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். மாதக்கணக்கு என்றார். கொழும்புக்குப் போக எனக்கு ஏழு கிழமைதான் இருந்தது.

ஆதம்பாவாவிடம் சொல்லிக்கொள்ளத் திரும்பினேன். அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலை முழங்காலோடு எடுக்கப் போகிறார்களாம். என் நல்ல கையைப் பிடித்து, "கொழும்புக்குப் போனா காத்தான்குடிச் சாரன் உடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். ஒரு கிழமை கழித்து அவரைப் பார்க்கப் போனேன். அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். மிசியிடம் கேட்டேன். தப்பவில்லை என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

மூன்று கிழமையில் கட்டை அவிழ்த்தபோது முழங்கை பாதி மடிந்த நிலையிலேயே நின்றது. நிமிர்த்தப் பார்த்தால் கதவில் கட்டை வைத்தது போல ஓரிடத்தில் தடுத்தது. அன்று சாயந்தரமே சிறிலின் பட்டறைக்குப் போனேன்.

"இழு."

"டொக்டர் என்ன சொன்ன?"

"பயப்படுறத்துக்கு ஒண்டுமில்ல எண்டு சொன்ன. இழு."

இந்தப் பொய்யை நான் சொன்னேன். ஒருநாள் யாராவது கேட்டால் மறுக்க முடியாதபடி இங்கே எழுதிவைக்கிறேன்.

அவனுடைய வேலைமேசையில் மல்லாந்து படுப்பேன். என் தோளை முழங்காலால் அமத்திக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மெல்ல இழுப்பான். வாயில் சாரனை அடைத்துக்கொள்வேன். அவனால் என் முகத்தைப் பார்க்க முடியாது. சுவரைப் பார்த்தபடியே இழுப்பான். "காணும் மச்சான், போதும்" என்பான். நான் சாரனை வாயிலிருந்து எடுத்து, இன்னும் என்பேன். மரவேலையில் உரம் ஏறிய கைகள் அவை. பிறகு இரும்புக் கட்டியொன்றைத் தோல் வாரில் கோத்து என் கையில் தொங்கவிடவும் வழிசெய்தான். முதல் நாலு நாள் ஒரு விரலளவு நிமிர்ந்தது. இருவரும் பென்சிலால் சுவரில் கோடு போட்டோம். ஐந்தாம் நாள் கோடு நகரவில்லை. எட்டாம் நாள் பின்னுக்குப் போனது. முழங்கை அனலாகச் சுட்டது. முன்பக்கச் சதைக்குள் ஒரு கட்டி. அமத்தினால் கல்லாக இருந்தது. அன்று இன்னும் பலமாக இழுக்கச் சொன்னேன்.

பெரிய டொக்டரிடம் திரும்பிப் போகும்போது அந்தக் கை சரியாகச் செங்கோணத்தில் இறுகிவிட்டிருந்தது. மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. அவர் கட்டியைத் தொட்டார். என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதை வாங்கியபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் பிடித்தது.

ரயிலில் சிறிலும் கூட வந்தான். கொழும்பில் எக்ஸ்றே படம் எடுத்தார்கள். கண்ணாடித் தகடு போன்ற படத்தை அங்கிருந்த சத்திரசிகிச்சை டொக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. மூட்டுக்கு முன்னால், சதை மட்டும் இருக்க வேண்டிய இடத்தில், மழை மேகம் போல இன்னொரு வெள்ளை. மூட்டு விலகும்போது சதை கிழிந்து இரத்தம் தேங்கும் என்றும், சும்மா விட்டால் அது பெரும்பாலும் கரைந்துவிடும் என்றும், இழுத்தால் மறுபடி கிழியும், கிழியக் கிழிய அந்த இரத்தம் எலும்பாக மாறும் என்றும் விளங்கப்படுத்தினார். என் சதைக்குள் எலும்பு முளைத்திருந்தது. இப்போது வெட்டினால் இரண்டு மடங்காக வளரும். அது முற்றி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்பது மாதமாவது செல்லும்.

"யார் இழுத்தது?" என்று கடைசியில் கேட்டார். நான் எழுந்து வெளியே வந்தேன்.

விறாந்தையில் வாங்குப் பலகையில் இருந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சிறில் காத்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

"டொக்டர் என்ன சொன்ன?"

"உள்ளுக்க எலும்பு வளந்திரிக்காம். இழுத்ததாலதானாம்."

அவனுக்கு விளங்க நேரமெடுத்தது. "நாம இழுத்ததாலயா?"

"நாம இல்ல. நீ."

அவன் தன் கைகளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். நான் சொன்ன பொய் அவனுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். தொப்பியைப் போட்டான். "ரயிலுக்கு நேரமாகுது" என்று சொல்லிவிட்டுப் போனான். ரயிலுக்கு இன்னும் ஐந்து மணித்தியாலம் இருந்தது.

கைக்கு மாக்கட்டுப் போட்டு மூன்று கிழமை அங்கேயே வைத்தார்கள். துரைக்கு இடக்கையால் ஒரு கடிதம் எழுதினேன். நகல் எழுதுகிறவனுடைய எழுத்தா அது! கோழி கீறியது போல இருந்தது. மரியாதையான பதில் வந்தது. சுகம் பெற வேண்டும் என்று எழுதி, அந்த இடத்துக்கு வேறொருவரைச் சேர்த்தாகிவிட்டதாகவும் ஒரு வரி சேர்த்திருந்தார். நான் பந்து போட வேண்டியிருந்த அந்தச் சனிக்கிழமை வெயில் நன்றாக எறித்தது. வாட்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தபடி மழை வர வேண்டும் என்று பின்னேரம்வரை வேண்டிக்கொண்டு கிடந்தேன். வரவில்லை.

திரும்பிவந்து ஒன்பது மாதம் கச்சேரிக்குப் போனேன். நகல் எழுத அந்தச் செங்கோணம் போதுமாக இருந்தது. சோறு வாய்க்கு எட்டாது, முகம் கழுவ முடியாது. ஆனால் மேசையில் பேனை பிடிக்க அதைவிடப் பொருத்தமான கோணம் இல்லை. மைதானத்துப் பக்கமே போகவில்லை. சிறிலின் தெருவையும் சுற்றிப் போனேன்.

ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போனபோது அம்மா கூட வந்தா. அவ ரயில் ஏறியது அதுதான் முதல் தடவை. சிங்களம் ஒரு சொல் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு, பார்வை நேர மணி அடிக்கும்போது முதல் ஆளாக வாசலில் நிற்பா.

முளைத்த எலும்பைச் செதுக்கி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்த பிறகு வந்த வலியை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கை என்னுடையது என்ற எண்ணமே போய்விட்டது. அது என்மேல் ஏறிக் கிடக்கிற, எனக்குப் பகையான ஏதோ ஒன்று. காயத்தில் ரப்பர்க் குழாய் வைத்திருந்தார்கள், உள்ளே சேர்கிற இரத்தம் வடிவதற்கு. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. புண்ணில் சீழ் வைத்தால் கையையே எடுக்க வேண்டியும் வரலாம் என்று டொக்டர் மிசியிடம் இங்கிலீசில் சொன்னார். எனக்கு இங்கிலீசு தெரியுமென்பதை அவர் மறந்துவிட்டார். எடுக்கட்டும், எடுத்துவிடட்டும் என்று கிடந்தேன். ஆதம்பாவாவின் கால் ஞாபகம் வந்தது. அவருக்கு எடுக்கத்தான் செய்தார்கள்.

அன்று அம்மா சோற்றைப் பிசைந்து உருட்டி, தீத்திவிட என் வாயருகே கொண்டுவந்தா. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஒரு வாய் மனே."

"என்னத்துக்கு?"

"உசிரோட இரிக்கிறத்துக்கு."

"கை இல்லாமலா?"

"கை இல்லாட்டியும் நீ என்ட பிள்ளதானே. நான் தீத்திறன்."

"எவ்வளவு நாளைக்கு?"

அம்மா கொஞ்சம் யோசித்தா. "நான் இரிக்கிற மட்டும்" என்றா. அது உண்மையான பதில். அதற்கு மேல் அவவால் ஒன்றும் தர முடியாது என்பதும் எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

காய்ச்சல் இறங்கியது. கை தப்பியது. இந்த முறை யாரும் இழுக்கவில்லை. நானும் தொடவில்லை. நாலு மாதத்தில் கை வாய்க்கு வந்தது, தலைக்கு வந்தது. நிமிர்வதில் மட்டும் முக்கால்வாசிதான் போய் நின்றது. இதற்குமேல் வராது என்று டொக்டர் சொன்னார். சாப்பிடலாம், எழுதலாம், பாரம் தூக்கலாம் என்றார். பந்து போடலாமா என்று கேட்டேன். வலி இல்லாவிட்டால் தாராளமாக என்றார்.

வலி இருக்கவில்லை.

ஒரு பின்னேரம் யாருமில்லாத மைதானத்தில் ஒற்றை ஸ்டம்பை நட்டு, தனியே பந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பந்தையும் நானே ஓடிப்போய் எடுத்து வந்தேன். பத்தாவதோ பதினோராவதோ, திரும்பியபோது ஸ்டம்புக்குப் பின்னால் சிறில் குந்தியிருந்தான். கையில் உறை. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அவனைப் பார்க்கிறேன். ஓடிவந்து போட்டேன். பிடித்துத் திருப்பி எறிந்தான். இருட்டும்வரை அப்படியே போட்டோம்.

வேகம் திரும்பியது. அதைவிட வியப்பு, பந்து நிலத்தில் பட்டதும் முன்னைவிடக் கூராக உள்ளே வெட்டியது. மடிந்த கைதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஒருநாள் சிறில் பந்தைப் பிடித்துவிட்டு, "துரைக்கு எழுதிப் பாப்பமா?" என்றான். அதுதான் அவன் பேசிய முதல் பேச்சு. அந்த ஒரு மாதம் நான் உயிரோடு இருந்தேன்.

திருகோணமலையிலிருந்து வந்த அணியோடு ஆட்டம். அம்மாவும் ஊரிலிருந்து வந்து வேலியோரம் மர நிழலில் இருந்தா. என் முதல் ஓவரில் மூன்றாம் பந்துக்கு ஸ்டம்ப் பறந்தது. சனம் கூவியது. இரண்டாம் ஓவருக்கு நான் நடக்கும்போது, பக்கவாட்டில் நின்ற அம்பயர் இன்னும் கிட்ட வந்து நின்றார். வெளியூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், அமைதியான மனிதர்.

முதல் பந்து. "நோ போல்!"

கோட்டைத் தாண்டிவிட்டேனோ என்று காலைப் பார்த்தேன். கால் சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது. "நோ போல்!" மூன்றாவது. "நோ போல்!"

அவர் என்னிடம் வந்தார். "தம்பி, கை மடிஞ்சு வருது. நீங்க போடயில்ல, எறியிறீங்க."

சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினேன். அவர் குனிந்து கவனமாகப் பார்த்தார். அதற்குள் சிறில் உறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தான்.

"அது நிமிராது சேர்! எறியல்ல, அந்தக் கையே அப்பிடித்தான்! நான்தான் பழுதாக்கின. அவன்ட கைய நான்தான் இழுத்துப் பழுதாக்கின!"

மைதானம் முழுக்கக் கேட்டது. அம்பயரின் முகம் மாறியது. "எனக்குத் தெரியுது மகன்" என்றார். "ஆனா நான் கண்ணால காண்றதத்தான் சொல்லோணும். காண்றது எறியிற கை."

எங்கள் கப்டன் பந்தை வாங்கிக்கொள்ள வந்தார். ஆனால் தொடங்கிய ஓவரைத் தொடங்கியவனே முடிக்க வேண்டும். நோ போல் கணக்கில் வராது. ஒழுங்கான ஆறு பந்து நான் போட்டாக வேண்டும். மேலால் போட்டால் ஒவ்வொன்றுக்கும் அவர் கூவுவார். அந்த ஓவர் முடியாது. அம்பயர் மெல்லிய குரலில், "கீழால உருட்டுங்க தம்பி. அதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றார்.

நின்ற இடத்திலிருந்து, குழந்தைகள் போடுவது போல, ஆறு பந்தைக் கீழால் உருட்டினேன். எதிரே நின்றவன் என் வயதுக்காரன். எதை வேண்டுமானாலும் அடித்து வேலிக்கு வெளியே போட்டிருக்கலாம். அவன் ஒவ்வொன்றையும் துடுப்பால் மெல்லத் தடுத்து, என் காலடிக்கே திருப்பி அனுப்பினான். ஆறையும். அந்த இரக்கத்தைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்து கூடாரத்துப் பின்னால் சிறில் காற்பட்டிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் இருந்தேன்.

"டொக்டர் இழுக்க வேணாமெண்டுதான் சொன்ன. நான்தான் உனக்குப் பொய் சொன்னன்."

"தெரியும்" என்றான்.

"எப்பயிருந்து?"

"கொழும்பில. நீ 'நீ'ண்டு சொன்ன நேரம்." பட்டியைச் சுருட்டினான். "தெரிஞ்சும் என்ன மச்சான்? ஒவ்வொரு நாளும் நீ கத்தக் கத்த இழுத்தது நான்தானே."

அடுத்த கிழமை அவன் கிளப்பில் இருந்து பெயரை எடுத்துவிட்டான். நானும் எடுத்துவிட்டேன். வழியில் கண்டால் சைக்கிளை நிறுத்திப் பேசுவோம். மரத்தின் விலை, மழை, கச்சேரிக்குப் புதிதாக வந்த துரை. அவ்வளவுதான்.

ஆட்டம் நடந்த அன்று பஸ்ஸில் திரும்பும்போது அம்மா கேட்டா: "இண்டைக்கு நொந்ததா மனே?"

"இல்லம்மா."

"கொஞ்சமும் நோகல்லயா?"

"கொஞ்சமும் இல்ல."

ஆட்டத்தில் என்ன நடந்தது என்று அவவுக்கு விளங்கியிருக்கவில்லை. நான் ஓடிவந்ததையும், கை சுழன்றதையும், பந்து போனதையும் பார்த்திருந்தா. முகம் மலர்ந்துபோயிருந்தது. கொழும்பில் எனக்குக் காய்ச்சல் கண்ட அன்று மண்டூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டதாக அப்போதுதான் சொன்னா. கை சுகமாகிவிட்டதால் இனித் தாமதிக்கக் கூடாது என்றா.

திருவிழாவுக்குப் போனோம். சனத்துக்குள் நெரிந்து, சன்னதிக்குக் கிட்ட வந்ததும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, நேர்ந்த காணிக்கையை என் வலக்கையில் வைத்தா. நானே என் கையால் கொடுக்க வேண்டுமாம். வெள்ளித் தகட்டில் அடித்த ஒரு சின்னக் கை. தட்டான் அதைத் தோளிலிருந்து விரல் நுனிவரை ஒரு வளைவும் இல்லாமல், நேராக அடித்திருந்தான்.